காலை ஜெபம் முதல் சாயங்கால ஜெபம் வரை

ரெனிஷாவைப் போன வாரம் மண்டபத்து ஆபீஸ் வாசலில் கண்ணைத் துடைத்தபடி நிற்க வைத்துவிட்டு, நாம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். "அந்தப் பிள்ளையை இப்படி அழவிடலாமா?" என்று சில வாசகிகள் கோபமாக எழுதியிருக்கிறார்கள். நானா அழவிட்டேன்? அவள் மாமனார் யேசுரத்தினத்தைக் கேளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கருங்கல் பக்கம் மெயின் ரோட்டில் யேசுரத்தினத்தின் கல்யாண மண்டபம் இருக்கிறது. வரும் ஆவணியில் ஒரு முகூர்த்த நாளுக்கு, பேச்சிப்பாறை கிருஷ்ணமணி தன் மகள் சபிதாவின் கல்யாணத்தை அங்கே வைத்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார். அதே நாளுக்கு, அதே மண்டபத்தைப் போட்டு மணவாளக்குறிச்சிக்காரர்களும் பத்திரிகை அடித்துவிட்டார்கள். முதலில் கேட்டு உறுதி செய்தவர் கிருஷ்ணமணி. ஆனால் மண்டபத்துக் கம்ப்யூட்டரில் அவருடைய தேதி மூன்று நாள் தள்ளிப் போய் நிற்கிறது. அந்தப் பதிவைக் கடைசியாகத் திறந்தது ரெனிஷா.

"பாக்கத்தான் செஞ்சேன் மாமா. சேவ் அடிக்கல்ல," என்று அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

மாமா நம்பவில்லை. அதைக்கூட விடுங்கள், கட்டின புருஷன் ஷைஜு பக்கத்தில் நின்றுகொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் இருந்தான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"நாளையில இருந்து நீ இஞ்ச இரிக்க வேண்டாம். வீட்டுல மாமிக்குத் துணையா இரு," என்றார் யேசுரத்தினம். சாயங்காலம் நான்கு மணிக்குக் கிருஷ்ணமணி வருவதாகப் போன் செய்திருக்கிறார். அவர் முன்னால் தப்பு மருமகளுடையது என்று சொல்லப்போகிறார்கள். ஊரெல்லாம் அதைத்தான் பேசும்.

இந்த நேரத்தில்தான் திருவனந்தபுரம் பஸ்ஸில் வந்து இறங்கினாள் ஜெனிலா. யேசுரத்தினத்தின் மகள், ஷைஜுவுக்கு அக்கா, ஐ.டி.யில் பெரிய வேலை. மண்டபத்துப் புரோகிராமை எழுதியவளும் அவள்தான். நாத்தனார் வருகிறாள் என்றதும் ரெனிஷாவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. எழுதிய புரோகிராமும் பெற்ற பிள்ளை மாதிரிதானே, அதைக் குற்றம் சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்?

"ஏட்டி ஜெனி, நீயே சொல்லு. உனக்க புரோகிராம் தானா தேதிய மாத்துமா?" என்றார் யேசுரத்தினம், மகள் பையைக் கீழே வைக்கும் முன்பே.

"தானா எதையும் மாத்தாதுப்பா. ஆராவது செஞ்சாத்தான் உண்டு."

சொன்ன பிறகு ஜெனிலாவுக்கு என்னவோபோல் இருந்தது. இதே வார்த்தையை இதே அப்பாவிடம் எப்போதோ சொல்லியிருக்கிறோமே என்று தோன்றியது. எப்போது என்று ஞாபகம் வரவில்லை. ரெனிஷா அழுத முகத்தோடு உள்ளே போய் அவளுக்குச் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

ஆபீஸ் அறை மாறவே இல்லை. முன்பு அது மணப்பெண்ணுக்குச் சேலை கட்டிவிடும் அறை. முதல் கம்ப்யூட்டர் வந்தபோது வேறு இடம் இல்லாமல் அங்கே கொண்டு வைத்தார்கள். சுவரில் அந்த நீளக் கண்ணாடி இன்னும் இருக்கிறது. அதன் ஓரத்தில் எந்தக் காலத்துப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன பொட்டுகளும் இருக்கின்றன.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் எம்.சி.ஏ. கடைசி வருடத்தில் ஜெனிலா புரோகிராம் எழுதினாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அண்ணன் ஜெனித் உட்கார்ந்திருப்பான். கம்ப்யூட்டர் படிக்காதவன். ஆனால் மண்டபம் அவன் விரல் நுனியில். கரண்ட் போய் யு.பி.எஸ். கத்தத் தொடங்கினால், "கர்த்தாவே, கொச்சு எழுதினது போவாம காப்பாத்தும்," என்று கையைக் கூப்புவான். வீட்டில் அவளைக் 'கொச்சு', அதாவது சின்னது, என்று கூப்பிட்டது அவன் ஒருவன்தான். ரோட்டுக்கு ஓடிப்போய்ச் சூடாக வாழைப்பழப் பஜ்ஜி, அதுதான் பழம்பொரி, வாங்கிவருவான். எண்ணெய்க் கையோடு கீபோர்டைத் தொட்டு அவளிடம் அடி வாங்குவான். சிரித்துச் சிரித்து வேலை செய்த காலம் அது. பிறகு எத்தனையோ கம்பெனி பார்த்துவிட்டாள், அப்படி ஒரு வேலை அவளுக்கு அமையவே இல்லை.

"மைனி, நான் செஞ்சத அப்பிடியே சொல்லட்டா?" என்றாள் ரெனிஷா.

"சொல்லு மக்களே."

"கிருஷ்ணமணி அண்ணாச்சி போன் பண்ணினாரு. மாப்பிள்ளைக்குக் குவைத்துல லீவு தள்ளிப் போவும் போல, மூணு நாள் கழிச்சு மண்டபம் கிட்டுமான்னு கேட்டாரு. நான் தேதிய மாத்திப் போட்டுப் பாத்தேன். காலியாத்தான் இருந்து. அதுக்குள்ள அவரு, வேண்டாம் பிள்ளே, லீவு கிட்டிட்டு, பழைய தேதியே இருக்கட்டும்னாரு. நான் குறுக்குக் குறிய அமுக்கிப் பக்கத்த மூடிட்டேன். சேவ் பக்கமே போவல்ல."

"அப்ப ஷைஜு எங்க இருந்தான்?"

"சாப்பாட்டு ஹால்ல. அங்க உள்ள கம்ப்யூட்டர்ல."

ஜெனிலா சாயா டம்ளரைக் கீழே வைத்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். எனக்கே ஒருவரிடம் கேட்டுத்தான் புரிந்தது.

யேசுரத்தினத்துக்கு ஒரு சட்டம் உண்டு. "உறுதியாவாதத எழுதாத, எழுதினத அழிக்காத." கல்யாண வீட்டார் காலையில் வந்து தேதி பார்ப்பார்கள். உடனே முடிவு சொல்ல மாட்டார்கள். சம்பந்தி வீட்டில் கேட்க வேண்டும், தாய்மாமனைக் கேட்க வேண்டும், பாஸ்டரையோ ஜோசியரையோ கேட்க வேண்டும். சாயங்காலம் வந்துதான் "சரி" என்பார்கள். அதுவரை எதுவும் எழுதக்கூடாது. ஆனால் கேட்டுவிட்டுப் போனதை மறக்கவும் கூடாது.

ஜெனிலா அதற்குத் தோதாகவே புரோகிராமை எழுதினாள். எல்லாத் தேதியும் பதிந்து கிடக்கும் டேட்டாபேஸோடு பேச்சைத் தொடங்கி, வேண்டியதை எடுத்து, மாற்றி, பதித்து, பேச்சை முடிப்பது வரை உள்ளதற்குச் செஷன் என்று பெயர். அதுவரை மாற்றியதெல்லாம் புரோகிராமின் கையில் நிற்கும். சேவ் அடித்தால் கையில் உள்ளது அத்தனையும் போய்ப் பதியும். அப்பா காலையில் மண்டபம் திறந்து ஜெபம் செய்வார், சாயங்காலம் ஜெபம் செய்து மூடுவார். அதனால் ஜெனிலாவும் காலை ஜெபத்துக்குத் தொடங்கிச் சாயங்கால ஜெபத்துக்கு முடிகிற மாதிரி நாள் முழுக்க ஒரே செஷன் வைத்தாள். கல்லூரியில் வைவாவுக்கு வந்தவர்கூட, கொள்ளாம் என்று பாராட்டினார்.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள் இருந்த காலத்தில் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு சாப்பாட்டு ஹாலில் இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தது. லீவில் வந்த ஜெனிலா அவசரமாக அதையும் அதே செஷனில் கோத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள்.

"லே ஷைஜு," என்று தம்பியைக் கூப்பிட்டாள். "சாப்பாட்டு ஹாலுக்குப் போ. நான் போன்ல சொல்லும்போது ஏதாவது ஒரு கல்யாணத்துல நாற்காலி எண்ணம் ஒண்ணக் கூட்டிப் போட்டு சேவ் அடி. அதுக்கு முந்தி ஒண்ணும் தொடாத. அப்பா, நீங்க இஞ்ச வந்து நில்லுங்க."

"எனக்கு இதெல்லாம் மனசிலாவாது."

"பாத்தாப் போதும்."

சோதனைக்கு உண்மையான கல்யாணம் எதையும் தொட அவளுக்குப் பயம். அந்தக் காலத்தில் அவளும் ஜெனித்தும் சோதனைக்கென்று ஒரு பொய்க் கல்யாணம் பதிந்து வைத்திருந்தார்கள். இருக்குமோ இருக்காதோ என்று தேடினாள். இருந்தது. 'மணமகன்: ஜெனித். மணமகள்: கிடைத்ததும் எழுதப்படும்.' அண்ணன் ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தது. அதைப் பார்த்து அன்று அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். இன்று சிரிப்பு வரவில்லை.

யேசுரத்தினமும் அதைப் படித்தார்.

"ரெனிஷா, இதுக்க தேதிய மூணு நாள் தள்ளு. அன்னைக்குச் செஞ்ச மாதிரியே மூடிடு."

ரெனிஷா தேதியை மாற்றினாள். குறுக்குக் குறியை அமுக்கினாள். பக்கம் மூடியது. ஜெனிலா தன் லேப்டாப்பில் டேட்டாபேஸை நேராகத் திறந்து அப்பாவுக்குக் காட்டினாள். பழைய தேதிதான் இருந்தது.

"பாத்தியளாப்பா? மாறல்ல. இவ மூடினதோட முடிஞ்சுன்னுதானே ஆரும் நினைப்பா? இனி பாருங்க." போனை எடுத்தாள். "ஷைஜு, அடி."

சாப்பாட்டு ஹாலில் ஷைஜு வேறு யாருடைய கல்யாணத்துக்கோ ஒரு நாற்காலியைக் கூட்டி சேவ் அடித்தான். ஜெனிலா மறுபடியும் டேட்டாபேஸைப் பார்த்தாள். ஜெனித்தின் பொய்க் கல்யாணம் மூன்று நாள் தள்ளிப் போயிருந்தது.

யேசுரத்தினம் குனிந்து அந்தத் தேதியை இன்னொரு தரம் படித்தார்.

"பக்கத்த மூடினாலும் இவ மாத்தினது செஷன்ல அப்பிடியே கிடக்கு. நான் அத மறக்கச் சொல்லி எழுதல்ல. பொறவு அங்க ஷைஜு அவனுக்க காரியத்துக்கு சேவ் அடிச்சப்போ இதையும் சேத்துக் கொண்டு போயிட்டு," என்றாள் ஜெனிலா. "தப்பு எனக்க பேர்ல. ரெனிஷா பேர்ல ஒண்ணும் இல்ல."

ரெனிஷா மெதுவாகத் தலையாட்டினாள். "காணிக்கைப் பை மாதிரி, இல்லியா மைனி? நான் போட்டத எடுத்துட்டேன்னு நினைச்சேன். அது பைக்குள்ளயே கிடந்திருக்கு. பின்னால இருந்தவரு அவருக்க காணிக்கையப் போட்டுப் பைய பீடத்துக்கு அனுப்பிட்டாரு."

"அதேதான் மக்களே. ஆளுக்கொரு பை குடுத்திருக்கணும். எல்லாருக்கும் ஒரே பையத் தூக்கிக் குடுத்துட்டேன்."

இதற்குள் ஷைஜு சாப்பாட்டு ஹாலிலிருந்து ஓடி வந்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் முகம் தொங்கிப் போயிற்று. அவன் சேவ் அடித்துத்தான் தேதி நகர்ந்திருக்கிறது. காலி என்று பார்த்து அந்த நாளை மணவாளக்குறிச்சிக்குக் கொடுத்தவனும் அவனே. பெண்டாட்டி பக்கம் திரும்பித் தலையைச் சொறிந்தான்.

"ஏட்டி, சாயா குடிச்சியா?"

இந்தப் பக்கத்துப் புருஷன்மார் மன்னிப்புக் கேட்கிற விதம் இதுதான். பல வீடுகளில் இதுவும் கிடைக்காது.

"குடிக்கல்ல. காலையில பேசாம நின்னியளே, அந்த வாயால இப்ப என்னத்துக்குக் கேக்கிய? நீங்க போட்டுக் கொண்டு தாருங்க," என்றாள் ரெனிஷா. அவன் மறுபேச்சு பேசாமல் உள்ளே போனான்.

ஜெனிலா லேப்டாப்பை இழுத்து வேலையைத் தொடங்கினாள். "இனி ஒவ்வொரு காரியத்துக்கும் தனிச் செஷன்ப்பா. திறக்கணும், வேலைய முடிக்கணும், ஒண்ணு பதியணும், இல்லன்னா மொத்தமா மறக்கணும், மூடணும். கொஞ்ச நேரக் காரியம்."

"அப்ப காலையில கேட்டுட்டுச் சாயங்காலம் வாறவங்க?"

"அவங்க கேட்டிருக்காங்கங்கிறதையே ஒரு பதிவாப் போட்டு உடனே மூடிடலாம். உறுதியாகல்ல, கேட்டு வச்சிருக்குன்னு எழுதினா உங்க சட்டம் கெட்டுப் போவாது. அவங்க வந்து சரின்னு சொன்னா, அது வேற செஷன். மனுசங்க யோசிச்சு முடிக்கது வரைக்கும் கம்ப்யூட்டர் மூச்சடக்கிட்டு நிக்க வேண்டாம். அப்ப எனக்கு அது தெரியல்ல."

யேசுரத்தினம் கேட்டுக்கொண்டிருந்த மாதிரித் தெரியவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணமகன்: ஜெனித்.

"ஏட்டி."

"என்னப்பா?"

"இந்த ரெண்டாவது கம்ப்யூட்டர் எப்ப வந்து?"

"எட்டு வருஷம் இருக்கும். அண்ணன்தானே நாகர்கோவில்ல போயி..."

ஜெனிலா பாதியில் நிறுத்தினாள். காலையிலிருந்து மனசில் நெருடிக்கொண்டிருந்தது என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது.

எட்டு வருடத்துக்கு முன்னால், அந்த இரண்டாவது கம்ப்யூட்டர் வந்த புதிதில், இதே மண்டபத்தில் ஒரு பெண்ணின் கல்யாணத் தேதி இதே மாதிரி மாறிப் போயிற்று. பெண் வீட்டார் வாசலில் நின்று மண் வாரித் தூற்றாத குறைதான். அந்தப் பதிவைக் கடைசியாகத் திறந்தவன் ஜெனித். அவனும் இந்த ரெனிஷா சொன்னதைத்தான் சொன்னான். "பாக்கத்தான் செஞ்சேன்ப்பா. நான் அழிக்கல்ல." யேசுரத்தினம் திருவனந்தபுரத்துக்குப் போன் போட்டு மகளைக் கேட்டார். மகள் ஏதோ மீட்டிங்குக்கு ஓடிக்கொண்டே பதில் சொன்னாள். "தானா எதையும் மாத்தாதுப்பா. ஆராவது செஞ்சாத்தான் உண்டு."

அவ்வளவுதான். "எழுதினத அழிச்சவன் எனக்க மண்டபத்துல நிக்கக்கூடாது," என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார் யேசுரத்தினம். அந்த மாதமே ஜெனித் சார்ஜாவுக்குப் போனான். அவன் கல்யாணமும் அங்கேயே ஒரு சின்னச் சபையில் நடந்தது. மண்டபக்காரன் மூத்த மகனுக்குச் சொந்த மண்டபத்தில் கல்யாணம் நடக்கவில்லை. ஞாயிறுதோறும் அம்மா தங்கபாயிடம் போனில் பேசுவான். அவன் பேசி முடிக்கும் வரை யேசுரத்தினம் வீட்டுக்கு வெளியே நிற்பார்.

"அப்பா, அன்னைக்கு நான் வந்து பாத்திருக்கணும்," என்றாள் ஜெனிலா. "அண்ணன் பொய் சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்க புரோகிராமத்தான் நம்பினேன்." அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்து அழுதாள்.

"நீ போன்ல ரெண்டு வார்த்த சொன்ன. தீர்ப்பு சொன்னது நானில்லியா," என்றார் யேசுரத்தினம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்தும் சரியாகவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார்.

"மக்களே, உன்ன நான் நம்பியிருக்கணும். பெத்த மகனையே நம்பாதவன், உன்னை எங்க நம்பப் போறேன். மனசுல வச்சுக்கிடாத."

"சாரமில்ல மாமா, விடுங்க," என்றாள் ரெனிஷா.

"அவனுக்க நம்பர் உனக்கிட்ட உண்டா?"

"உண்டு."

"போடு."

ரெனிஷா நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, போனை அவர் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. சாயா டம்ளரோடு வந்த ஷைஜு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"சொல்லு ரெனிஷா," என்றது அந்தப் பக்கம்.

யேசுரத்தினம் தொண்டையைச் செருமினார். எட்டு வருடம் கழித்தும் அந்தச் செருமலை மகனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அப்பாவா? என்னப்பா? அம்மைக்கு என்ன ஆச்சு?"

"அம்மைக்கு ஒண்ணும் இல்ல."

"பொறவு?"

"மக்கா, நீ அழிக்கல்ல." யேசுரத்தினம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கேட்டியா? அன்னைக்கு அந்தத் தேதிய நீ அழிக்கல்லடே."

லைன் போய்விட்டதோ என்று ஜெனிலா எட்டிப் பார்த்தாள். போகவில்லை.

"அத நான் அன்னைக்கே சொன்னேன் இல்லியாப்பா," என்றான் ஜெனித்.

வெளியே ஒரு ஜீப் வந்து நின்றது. கதவு திறந்து சாத்தும் சத்தமும், "ஆரு இருக்கா உள்ள?" என்ற கிருஷ்ணமணியின் கோபக் குரலும் கேட்டன. பின்னால் இன்னொரு வண்டியும் வந்தது. அது மணவாளக்குறிச்சிக்காரர்களாக இருக்கலாம். யேசுரத்தினம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஜெனிலா எழவில்லை. ஷைஜு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

ரெனிஷாதான் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆபீஸ் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உள்ள வாருங்க அண்ணாச்சி," என்றாள். "நான் இஞ்சதான் இருக்கேன்."